பட்டினத்து விருந்து

மாமல்லபுரத்துக்கு எத்தனை முறை சென்றிருப்போம் என்று நாங்கள் கணக்கு வைத்துக்கொண்டதில்லை. சென்ற ஒவ்வொரு முறையும் நிரல் மட்டும் மாறியதே இல்லை. விடியலில் பேருந்து, வெயில் ஏறுமுன் பெருந்தவப் பாறை, அதன் பின் குன்றின் மீதுள்ள குடைவரைகள், நண்பகலில் ஐந்து ரதங்கள், மாலையில் கடற்கரைக் கோயில். இடையில் ஏதேனும் ஒரு மரநிழலில் வீட்டிலிருந்து கட்டி எடுத்துச் சென்ற புளியோதரையும் தயிர்ச்சோறும். இருட்டுவதற்குள் மீண்டும் பேருந்து. பல ஆண்டுகள் இப்படிச் சென்று வந்த ஓர் ஊரில் நாங்கள் ஒருவேளைச் சோறு கூட விலைக்கு வாங்கி உண்டதில்லை என்பது சென்ற தை மாதத்தில்தான் எங்களுக்கு உறைத்தது.

உறைக்கச் செய்தவர் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த எங்கள் குழு நண்பர். "கல்லைப் பார்த்தது போதும். இன்று இரவு உணவு என்னுடைய செலவு. இந்த ஊரில் மீன் உண்ணாமல் திரும்புவது கடலுக்குச் செய்யும் அவமதிப்பு" என்றார் அவர். எங்களில் மூவர் சைவ உணவினர். ஆயினும் மறுப்பு எழவில்லை. கடற்காற்றும் பசியும் சேர்ந்தால் கொள்கைகள் சற்றே நெகிழத்தான் செய்கின்றன. நெகிழாதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது எலுமிச்சைச் சாறு!

ஒத்தவாடைத் தெருவை அறியாத பயணிகள் இரார். கடலை நோக்கிச் செல்லும் அந்தக் குறுகிய தெருவில் சிலைக்கடைகளும் தங்கும் விடுதிகளும் உணவகங்களும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. பெயர்ப் பலகைகளில் தமிழைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நாங்கள் ஏறிய உணவகம் ஒரு மாடியில் இருந்தது. மூங்கில் தட்டி, பிரம்பு நாற்காலிகள், காற்றில் ஆடும் காகித விளக்குகள். இருக்கையில் அமர்ந்ததும் விலைப்பட்டியலுக்கு முன்னதாக மீன்களே வந்துவிட்டன. பனிக்கட்டித் துண்டுகள் பரப்பிய அகன்ற தட்டில் வஞ்சிரம், வவ்வால், சங்கரா, கொடுவா, கணவாய், நீலக்கால் நண்டு, மீசை நீண்ட சிங்கி இறால் ஆகியவற்றை அடுக்கி ஏந்திவந்த இளைஞர், ஒவ்வொன்றையும் புரட்டிக் காட்டினார். "எல்லாம் காலையில வந்தது சார். செவுளைப் பாருங்க, எப்படிச் செவந்து இருக்குதுன்னு" என்றார். எடைக்கு விலை. பூண்டும் வெண்ணெயும் தடவிச் சுடலாம், மசாலா தடவிப் பொரிக்கலாம், அல்லது வாழையிலையில் பொதிந்து வேகவைக்கலாம்.

மாடியின் தென்மேற்கில் கலங்கரை விளக்கத்தின் ஒளி முறைவைத்துச் சுழன்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே எங்கள் பேராசிரியர் தொடங்கினார்: "நாம் எங்கே அமர்ந்திருக்கிறோம் தெரிகிறதா? பெரும்பாணன் விருந்துண்ட ஊரில்!"

பாணனுக்குக் கிடைத்த உணவு

பத்துப்பாட்டைப் பயின்ற வாசகர்களுக்குப் பெரும்பாணாற்றுப்படையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனைக் காஞ்சிக்கு ஆற்றுப்படுத்துவதாகக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 500 அடிகள் கொண்ட பாட்டு அது. வழிகாட்டும் பாணன் ஊர்களையும் வழிகளையும் மட்டும் சொல்லிச் செல்வதில்லை. எந்த ஊரில் யார் என்ன உணவு தருவார்கள் என்றும் சொல்லிச் செல்கிறான். பசித்தவனுக்கு வழி சொல்பவன் வேறு எதைச் சொல்வான்? எயினர் குடியிருப்பிலும் ஆயர் பாடியிலும் உழவர் இல்லத்திலும் அந்தணர் மனையிலும் அந்தந்த நிலத்துக்குரிய உணவு காத்திருக்கிறது. தமிழகத்தின் மிகப் பழைய உணவக வழிகாட்டி என்று அப்பாட்டை எங்கள் நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. விலை எழுதாத பட்டியல் என்பதுதான் வேறுபாடு.

அப்பாட்டில் வரும் கடற்பட்டினம் நீர்ப்பெயற்று. மாடங்கள் ஓங்கிய மணல் தெருக்கள், வெண்ணிறப் பிடரிமயிர் கொண்ட குதிரைகளோடு வடநாட்டு வளங்களையும் கொணர்ந்து இறக்கும் நாவாய்கள், பரதர் நிறைந்த தெருக்கள், ஏணி சாத்தி ஏறவேண்டிய உயர்ந்த மாடத்தின் உச்சியில் இரவில் ஏற்றப்படும் தீ என்று அப்பட்டினம் நம் கண்முன் விரிகிறது. இதை மாமல்லபுரம் என்று கொள்வாரும் உளர், வேறிடம் என்பாரும் உளர். அந்த வழக்கை இங்கே தீர்க்கப்போவதில்லை. ஆனால் சுழலும் விளக்கொளியின் கீழ் அமர்ந்திருந்த அந்த இரவில் எங்களுக்கு ஐயம் ஏதும் இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1887இல் ஆங்கிலேயர் இவ்வூரில் கலங்கரை விளக்கு வைக்க இடம் தேடியபோது, மகிடாசுரமர்த்தினி குடைவரைக்கு மேலே பல்லவர் எடுத்த ஒலக்கண்ணேசுவரர் கோயிலின் உச்சியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இப்போதுள்ள கற்கோபுரம் 1904இல் ஒளிரத் தொடங்கியது. கடலோடிக்கு விளக்கு வைக்க உகந்த இடம் எதுவென்று காலந்தோறும் இந்தக் குன்றே சொல்லி வந்திருக்கிறதோ என்று தோன்றியது.

"இங்கேதான் வலைஞர் பாணனுக்குச் சுட்ட மீன் கொடுத்தார்கள். அன்றும் சுட்ட மீன், இன்றும் சுட்ட மீன்!" என்று பேராசிரியர் முடித்தார். எங்கள் வஞ்சிரமும் அந்நேரம் பார்த்து மேசைக்கு வந்து சேர்ந்தது. அனைவரும் கைதட்டினோம்.

கைதட்டலை நிறுத்தியவர் சிற்ப ஆய்வில் ஈடுபட்டிருக்கும் எங்கள் தோழி. "ஐயா, ஒரு திருத்தம். அந்த வலைஞர் கடல் வலைஞர் அல்லர். கோடையிலும் வற்றாத குளத்தின் கரையில் குடியிருப்பவர்கள். பட்டினத்துக்குப் பாணன் வந்து சேர்வது அதற்கும் பிறகு" என்றார். பேராசிரியர் சற்றே திகைத்தார். பின்னர் பையிலிருந்த பதிப்பை எடுத்துப் புரட்டினார். தோழி சொன்னதே சரி. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, ஆறவைத்து, முளைநெல்லை இடித்துச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து வடித்த மதுவும் அதற்குத் துணையாகச் சுட்ட மீனும் குளக்கரைக் குடியிருப்பின் விருந்து. நீர்ப்பெயற்றின் விருந்து என்ன தெரியுமா? நெல்மா ஊட்டிப் பல நாள் குழியில் நிறுத்தி வளர்த்த கொழுத்த ஆண்பன்றியின் ஊனும் மதுவும்! கடற்பட்டினத்து விருந்தில் மீனே இல்லை.

மேசையில் சிரிப்பு அடங்கச் சிறிது நேரமாயிற்று. அடங்கியபின் ஒரு கேள்வி எஞ்சியது. ஏன்? எங்களுக்குத் தோன்றியது இதுதான். பட்டினத்தில் மீன் அன்றாடம் கிடைப்பது. விருந்தாளிக்கு அன்றாட உணவை இட மனம் வராது. வெளியூரான் தேடி வருவதும் உள்ளூரான் தர விரும்புவதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இன்று மாமல்லபுரத்துக்கு வருபவர் மீனைத் தேடி வருகிறார். அதனால் ஊர் மீனைத் தருகிறது. இதே தெருவின் கோடியிலுள்ள குப்பத்து வீடுகளில் சொந்த விருந்தினருக்குக் கோழியோ ஆட்டுக்கறியோ ஆக்கினால் வியப்படைய வேண்டியதில்லை.

அயிலையும் கானாங்கெளுத்தியும்

எங்கள் ஆரவாரம் கேட்டோ என்னவோ, கல்லாவின் அருகில் அமர்ந்திருந்த பெரியவர் எழுந்து எங்கள் மேசைக்கு வந்தார். உணவகத்தை நடத்துபவரின் தகப்பனார். எழுபதைக் கடந்தவர். கட்டுமரம் வலித்துத் தடித்த கைகள். "இன்னா தம்பி, மீனப் பத்தி பாட்டு எதுனா இருக்குதா?" என்று கேட்டார். நாற்காலி இழுத்துப் போட்டோம்.

அவரிடம் அகநானூற்றின் 60ஆம் பாட்டைப் பற்றிச் சொன்னோம். திமிலேறிக் கடல்மேற் சென்று தொழில் செய்யும் தந்தைக்கு இளமகள் உணவு எடுத்துச் செல்கிறாள். உப்பை விற்று வாங்கிய நெல்லின் வெண்சோறு, அயிலை மீனிட்டுத் துழாவிய புளிக்குழம்பு, கூடவே கொழுமீன் துண்டு. சேரரின் தொண்டியைப் பாடவந்த குடவாயிற் கீரத்தனார் அந்த ஊரின் சிறப்பாகக் கண்டது இதைத்தான். கோட்டையை விட்டுவிட்டு, ஒரு குழந்தை அப்பாவுக்கு எடுத்துச் செல்லும் சோற்றைப் பாடினார்.

பெரியவருக்கு அயிலை என்ற பெயர் பழக்கமில்லை. குமரிக் கரையில் இன்றும் அப்பெயர் வழங்குகிறது என்றும், முதுகில் வரியோடிய மீன் என்றும் விளக்கினோம். "ஓ, நம்ம கானாங்கெளுத்தி! அத்தக் கொயம்புதான் வெக்கணும். சுட்டா வேஸ்ட்டு" என்று உடனே தீர்ப்பளித்தார். பிறகு எங்கள் தட்டிலிருந்த வஞ்சிரத்தைச் சற்று இரக்கத்தோடு பார்த்தார். "இது வெள்ளக்காரங்களுக்குச் செய்யறது. உப்பு ஒறப்பு இருக்காது. நாங்க இத துன்றதில்ல" என்றார். அந்த உணவகத்தின் உரிமையாளரைப் பெற்றவரே வழங்கிய மதிப்புரை அது!

பேச்சு வளர்ந்தது. அவர் சொன்னவற்றில் வரலாறு எழுதுவோர் கேட்க வேண்டியவை பல இருந்தன. வாடைக்காற்று வீசும் நாட்களில் கடல் எப்படி இருக்கும், கொண்டலில் எப்படி இருக்கும் என்றார். சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் குறைந்து கண்ணாடியிழைப் படகுகளும் இயந்திரங்களும் பெருகிய கதையைச் சொன்னார். பிடித்த மீனை விற்றுவந்த பணத்தில் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிக்கும் முறையையும், விற்பனைக்குப் போகுமுன் ஒவ்வொருவரும் தம் வீட்டுக் குழம்புக்கென்று கொஞ்சம் மீன் எடுத்துக்கொள்ளும் வழக்கத்தையும் விவரித்தார். அந்தக் குழம்பு மீனுக்குக் கணக்கு இல்லையாம்.

கல்லில் யார் இருக்கிறார்கள்?

பெரியவர் பிறகு கேட்ட கேள்விதான் இக்கட்டுரையை எழுத வைத்தது. "நீங்கள்ளாம் இத்தினி வருசமா வந்து கோயிலப் பாக்குறீங்க, எழுதுறீங்க. அந்தக் கல்லுல எங்க ஆளுங்க எங்கியாச்சும் இருக்காங்களா?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முதலாம் நரசிம்மவர்மனாகிய மாமல்லன் (630 – 668) காலத்திலிருந்து இராசசிம்மன் காலம் வரை இந்த ஊரின் பாறைகளில் உளி ஓய்ந்திருக்கவில்லை. பெருந்தவச் சிற்பத் தொகுதியில் தேவரும் கின்னரரும் நாகரும் இருக்கின்றனர். வில்லேந்திய வேடர் இருக்கின்றனர். நீராடி ஆடை பிழிபவரும், நீர்க்குடம் சுமப்பவரும், பொய்த்தவம் புரியும் பூனையும், அதை நம்பிய எலிகளும் கூட இருக்கின்றன. சில அடி தள்ளியுள்ள கிருஷ்ண மண்டபத்தில் பசுவின் மடியைப் பற்றிப் பால் கறக்கும் ஆயனும், தலையில் பானை அடுக்கிச் செல்லும் ஆய்ச்சியும், தோளில் கோடரி சாய்த்து நடக்கும் ஆடவனும் உயிரோடு உலவுகிறார்கள். கன்றை நக்கும் பசுவின் நாக்கை எத்தனையோ முறை நிழற்படம் எடுத்திருக்கிறோம்.

ஆனால் வலையோடு ஒருவன்? மரக்கலம்? ஓடம்? தோழி நெடுநேரம் நினைவைத் துழாவிப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். கடலலை ஓசை கேட்கும் தொலைவில் நின்று செதுக்கிய அச்சிற்பிகளின் கைவண்ணத்தில் ஒரு மீனவனையும் நாங்கள் கண்டதாக நினைவில்லை. வேடனுக்கும் ஆயனுக்கும் கல்லில் இடம் கிடைத்தது. தொன்மங்கள் அவர்களை உள்ளே அழைத்து வந்தன. அருச்சுனன் கதைக்கு வேடன் தேவை. கண்ணன் கதைக்கு ஆயன் தேவை. கங்கையைக் கொணர்ந்த கதைக்கும் கோவர்த்தன மலையைத் தூக்கிய கதைக்கும் மீனவன் தேவைப்படவில்லை போலும்!

எழுத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? கடல்மல்லையைப் பாடிய திருமங்கையாழ்வார் செல்வச்சுமையால் தாழ்ந்து அசையும் கலங்களைப் பாடினார். கடற்கரைக் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு, ஊரார் கூடி நிலங்களை நான்கு கூறாகப் பிரித்துக்கொண்ட உடன்பாட்டையும், நிலமில்லாதவர் செலுத்தவேண்டிய பொன்னையும் பேசுகிறது. வணிகமும் நிலமும் பதிவாயின. பெரும்பாணாற்றுப்படையின் புலவர்தான் பரதர் மலிந்த தெருக்கள் என்று ஒரு சொல்லாவது சொல்லிவைத்தார். அச்சொல்லையும் வணிகர் என்று கொள்வோர் உண்டு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோழமண்டலக் கடற்கரையின் மீனவர்க்குப் பட்டினவர் என்று பெயர். பட்டினத்தில் இருப்பவர் என்ற பொருள் அதில் வெளிப்படையாகவே நிற்கிறது. நாவாய்கள் வந்த துறை தூர்ந்தது. மாடங்கள் மறைந்தன. மன்னர்கள் பெயரளவில் எஞ்சினர். பட்டினம் என்ற சொல்லை மட்டும் இவர்கள் தங்கள் பெயராகச் சுமந்துகொண்டு இதே மணலில் இருக்கிறார்கள்.

வலை கிழியும் இடம்

"கடலுக்குள்ள கல்லு இருக்குது. எங்க தாத்தா காலத்துலயே தெரியும். வல மாட்டிக் கிழியும். அங்கதான் மீனும் அடையும்" என்றார் பெரியவர்.

இவ்வூரைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய தொடக்கக்காலக் கட்டுரைகளுள் முதன்மையானது வில்லியம் சேம்பர்சு எழுதியது. 1772லும் 1776லும் இங்கு வந்த அவருடைய கட்டுரை 1788இல் ஆசியக் கழகத்தின் ஆய்வுத் தொகுதியில் வெளிவந்தது. ஊரின் முதியோர் தம்மிடம் கூறியதாக அவர் ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். கடலுக்குள் தொலைவில் கோயில்களின் உச்சிகள் தெரிந்தன என்றும், செம்புத் தகடு வேய்ந்த அவை உதயத்தில் கதிர்பட்டு மின்னின என்றும், பின்னாளில் களிம்பேறி அந்த மின்னல் மறைந்தது என்றும் அம்முதியோர் சொன்னார்களாம். ஏழு கோயில்கள் என்ற பெயரும் அக்கதையும் உலகெங்கும் பரவின. கற்றவர்கள் அதைச் செவிவழிக் கட்டுக்கதை என்று ஒதுக்கினார்கள். நாங்களும் ஒதுக்கியவர்களே.

2002இல் இங்கிலாந்திலிருந்து வந்த அறிவியல் ஆய்வுப் பயணக் குழுவினரும் நம் தேசியக் கடலியல் நிறுவனத்தாரும் சேர்ந்து மாமல்லபுரத்துக் கடலில் மூழ்கினார்கள். அம்முயற்சிக்குத் தூண்டுதலாக அமைந்தவை இவ்வூர் மீனவரின் வாய்மொழிகளே. 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் சுவர்ப் பகுதிகளும் செதுக்கிய கற்களும் சிதறிக் கிடக்கக் கண்டார்கள். அவற்றின் காலமும் இயல்பும் இன்னும் பேசப்படவேண்டியவை. செம்பு வேய்ந்த கோபுரங்கள் அங்கே இருந்தன என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் வலை கிழியும் இடத்தில் கல் இருந்தது.

அதன் பிறகு வந்தது 2004 டிசம்பர் 26. அன்று காலை கடல் உள்வாங்கியபோது, வரிசையாகக் கற்கள் தென்பட்டதைக் கரையில் நின்றவர்கள் கண்டார்கள். பேரலை மணலை அரித்துச் சென்றபின் சிங்கமும் யானையும் செதுக்கிய பாறைகள் வெளிப்பட்டன. 2005இல் தொல்லியல் துறை கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே இடிந்த கோயிலொன்றின் அடித்தளத்தை அகழ்ந்தது. வடக்கே சாளுவன்குப்பத்தில், திருவிழிச்சில் என்ற பழம்பெயரையும் முருகன் கோயிலையும் குறிக்கும் கல்வெட்டின் துணைகொண்டு அகழ்ந்தபோது பல்லவர் காலக் கோயிலும், அதற்கும் அடியில் பழமையான செங்கற் கோயிலும் கிடைத்தன. அந்நாட்களில் நாங்கள் எத்தனை மகிழ்ச்சியோடு ஓடிவந்தோம்! அகழ்ந்த குழிகளைச் சுற்றிச் சுற்றி வந்தோம். செங்கற்களின் நீள அகலங்களை விவாதித்தோம்.

"அன்னிக்கு எங்க வூட்ல அடுப்பும் இல்ல, வூடும் இல்ல" என்றார் பெரியவர். குரலில் குற்றச்சாட்டு இல்லை. தேதியைக் குறிப்பிட்டதும் அவருக்கு நினைவு வந்தது அது. எங்களுக்கு நினைவு வந்தது செங்கல்.

நாங்கள் எழுதிய ஒரு வரி

இவ்விடத்தில் வாசகர்களிடம் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் கடற்கரைக் கோயிலைப் பற்றி நாங்கள் எழுதிய கட்டுரையொன்றின் இறுதியில், கோயிலின் வடபுறக் கரையில் உலர்த்தும் வலைகளும் இழுத்துப் போட்ட படகுகளும் அந்த அற்புதக் காட்சிக்கு ஊறு செய்கின்றன என்றும், அவற்றை வேறிடத்துக்கு மாற்றினால் நன்று என்றும் எழுதியிருந்தோம். எழுதும்போது அது நியாயமாகவே பட்டது. பாராட்டிக் கடிதங்களும் வந்தன. மாடியிலிருந்து அந்த இருட்டுக் கரையைப் பார்த்தபடி பெரியவர் பேசிக்கொண்டிருந்தபோது அவ்வரி எங்கள் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கியது.

இந்த ஊர் உல்லாசக் கடற்கரையாக வளர்ந்த வரலாறு நீண்டதன்று. கல்கி, சிவகாமியின் சபதத்தை 1944 முதல் 1946 வரை எழுதியபோது இக்கடற்கரை பெரிதும் மணலும் தனிமையுமாகவே இருந்தது. 1957இல் சிற்பக் கல்லூரி வந்தது. உளியோசை மீண்டும் கேட்கத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து கடலோர விடுதிகள் வந்தன. 1984இல் யுனெஸ்கோ இச்சின்னங்களை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. 2010இல் திருத்தப்பட்ட சட்டம், பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டடம் கூடாது என்றும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டவேண்டும் என்றும் வரையறுத்தது. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இங்கே சந்தித்தபோது ஊர் முழுவதும் துலக்கப்பட்டது. சின்னங்களைக் காக்க வேண்டியதில் எங்களுக்கு ஐயமில்லை. 100 மீட்டர் விதியை நாங்கள் வரவேற்றோம். இன்றும் வரவேற்கிறோம்.

ஆனால் மேற்கே சின்னங்களும் விதிகளும், கரை நெடுக விடுதிகளின் வேலிகளும், கிழக்கே கரையை அரித்து முன்னேறும் கடலும் நெருக்க, நடுவில் படகை இழுத்துப் போட எத்தனை அடி மணல் எஞ்சும்? மணமான மகனுக்கு ஓர் அறை சேர்த்துக் கட்ட நினைக்கும் மீனவனும், புதிய விடுதி எழுப்ப நினைக்கும் முதலாளியும் ஒரே விதியின் முன் நிற்கிறார்கள். ஒருவனால் வேறிடம் வாங்க முடியும். மற்றவனுக்குக் கடல் இங்கேதான் இருக்கிறது. பெருங்கல்லுக்கு அருகில் பிறந்தது அவன் குற்றமா? நாங்கள் எழுதிய அந்த ஒரு வரியால் எந்தப் படகும் அகற்றப்பட்டிருக்காது. எங்கள் எழுத்துக்கு அத்தனை வலிமை இல்லை. ஆனால் அகற்ற நினைப்பவரின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு நாங்களும் அமர்ந்திருந்தோம் என்பது மெய்.

வரலாற்று ஆர்வலர்களுக்கு ஒரு நோய் உண்டு. காலத்தால் முந்தியதை மட்டும் மரபு என்று கொள்வது. கல் 1300 ஆண்டுகளாக நிற்கிறது, ஆதலால் அது மரபு. வலை நேற்றுப் பின்னியது, ஆதலால் அது இடையூறு. ஆனால் வலை வீசும் தொழில் அந்தக் கல்லைவிட மூத்தது அல்லவா? பல்லவன் உளியெடுக்கும் முன்பே பாடப்பட்ட புளிக்குழம்பு இந்தக் குப்பத்து அடுப்புகளில் இன்று இரவும் கொதித்துக்கொண்டிருந்திருக்கும். புலிக்குகையையும் கடற்கரைக் கோயிலையும் காக்கச் சட்டம் இருக்கிறது. நுழைவுச் சீட்டு இருக்கிறது. அந்தக் குழம்பைக் காக்க இதுவரை காப்பாற்றி வந்தவர்கள் மட்டுமே இருக்கிறார்கள்.

கட்டணச் சீட்டில் இல்லாதது

நாங்கள் எழுந்திருக்கும் நேரத்தில் பெரியவர் மாடிப்படியருகே சென்று கீழே நோக்கி ஏதோ குரல் கொடுத்தார். சற்றுநேரத்தில் அவர் பேத்தி, மூடிய எவர்சில்வர் தூக்கு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். வீட்டில் காலையில் வைத்த கானாங்கெளுத்திக் குழம்பு. உணவகத்துச் சோற்றில் அதை ஊற்றி உண்டோம். புளிப்பும் உறைப்பும் நாவில் ஏறியபோது, பூண்டு வெண்ணெய் வஞ்சிரம் வேறு யாருக்காகவோ சமைக்கப்பட்டது என்பது விளங்கிற்று. எங்கள் பேராசிரியர் கண்களைத் துடைத்துக்கொண்டார். உறைப்பினால் என்றார். நம்பிவிட்டோம். கட்டணச் சீட்டில் அந்தக் குழம்புக்கு விலை இல்லை. குழம்பு மீனுக்குக் கணக்கு இல்லை என்று அவர்தான் முன்பே சொல்லியிருந்தாரே!

கடல்மல்லைத் தலசயனத்தின் தலபுராணம் பலரும் அறிந்தது. பாற்கடல் நாதனுக்குத் தாமரை மலர்களைச் சூட்ட விரும்பிய புண்டரீக முனிவர், வழியில் குறுக்கிட்ட இந்தக் கடலைக் கையால் இறைத்து வற்றவைக்க முனைந்தார். அப்போது முதியவர் ஒருவர் வந்து, பசிக்கிறது, உணவு வேண்டும் என்றார். முனிவர் உணவு கொணரச் சென்றார். திரும்பி வந்தபோது கடல் விலகி வழிவிட்டிருந்தது. அந்த முதியவரே மலர்களைச் சூடித் தரையில் பள்ளிகொண்டிருந்தார். இக்கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறோம். கடலை இறைப்பதைப் பற்றித்தான் எப்போதும் வியந்திருக்கிறோம். அதன் நடுவில் ஒரு வேளைச் சோறு இருப்பதை அன்றிரவுதான் கவனித்தோம். அந்தக் கதையில் முதியவருக்குப் பசித்தது. எங்கள் கதையில் பசித்தவர்கள் நாங்கள், ஊட்டியவர் முதியவர்.

கடைசிப் பேருந்துக்கு நடந்தபோது தெருவின் கோடிவரை சென்று ஒருமுறை பார்த்துவிட்டு வந்தோம். நிலவில் கடற்கரைக் கோயிலின் இரு விமானங்களும் கருமையாக நின்றன. அவற்றுக்கு முன்னால் படகுகள் மூக்கைத் தூக்கியபடி வரிசையாகக் கிடந்தன. ஒரு படகின் விளிம்பில் வலை தொங்கிக்கொண்டிருந்தது. நண்பர் நிழற்படக் கருவியை எடுத்தார். வழக்கம்போல ஒதுங்கி நின்று படகுகள் விழாத கோணத்தைத் தேடாமல், அவையும் சேர்ந்து விழுமாறு எடுத்தார்.

அந்தப் பழைய கட்டுரையின் கடைசி வரியை இதனால் நாங்கள் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். அடுத்த முறை மாமல்லபுரம் செல்லும் வாசகர்கள், கற்களைக் கண்குளிரக் கண்டபின், கட்டுச்சோற்றைப் பிரிக்காமல் ஊருக்குள் சென்று ஒருவேளை உண்ணுங்கள். வறுத்ததும் சுட்டதும் போக, வீட்டுக் குழம்பு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் அதை ஊற்றும் கையின் கதையையும் கேட்டு எழுதி வையுங்கள். கல்லில் இடம் கிடைக்காதவர்களுக்குத் தாளிலாவது ஓரிடம் இருக்கட்டும்.